ஏனுங்கம்மிணி, இத எங்கீங் புடிக்கிறது?

போன மாசம் ராத்திரி பதினொரு மணிக்கு எங்க ஏரோ கிளப் ஜூனியர் ஒருத்தன் வாட்ஸப்புல கேட்டான். "அக்கா, கேட்டியால மாடல் பண்ணியாச்சு, ஸ்டெப் பைல அனுப்பிட்டா மெஷினே வெட்டிக் குடுத்துரும், அப்புறம் எதுக்கு 2டி டிராயிங் போடு போடுன்னு உசுர எடுக்குறீங்க?" (கேட்டியாங்கிறது கம்ப்யூட்டர்ல 3டி உருவம் பண்ற சாப்ட்வேர், ஸ்டெப்புங்கிறது அந்த உருவத்த அனுப்புற பைல்.) எனக்கு மறுநாள் இன்டர்னல் இருந்துச்சு, "அதெல்லாம் வேணும்டா, சொன்னா போடு"ன்னு டைப் பண்ணிட்டு போன கவுத்து வச்சுட்டேன். சின்னப் பசங்க வாய அடைக்க பெரியவங்க சொல்ற பதில்தான் அது, எனக்கே தெரியும். அவன் "ஓகேக்கா"ன்னு போட்டுட்டு போயிட்டான். எனக்குத்தான் தூக்கம் போச்சு, ஏன்னா அவன் கேட்டதுக்கு எங்கிட்ட உண்மையிலேயே பதில் இருக்கா, இல்ல நான் கஷ்டப்பட்டேன் நீயும் படுன்னு சொல்றேனான்னு எனக்கே சரியாத் தெரியல. இன்டர்னல் முடிஞ்சு, ரிசல்ட்டும் வந்து, இன்னும் அது அடங்கல. அதான் எழுதிப் பாக்குறேன்.

முதல்லயே சொல்லிடுறேன், நான் டிராயிங்ல மார்க் வாங்குற ஆளு. ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினியரிங் கிராபிக்ஸ்ல ஓ கிரேடு. அருப்புக்கோட்டைல இருந்து கோயம்புத்தூர் வந்து எறங்குனப்ப டிரங்குப் பெட்டியோட ஒரு மினி டிராஃப்டரும் (போர்டுல மாட்டி கோடு போடுற கருவி) வந்துச்சு, மாமா பையன் யூஸ் பண்ணது, ஒரு ஸ்குரூ லூஸா இருக்கும், பேப்பர் மடிச்சு சொருகி ஓட்டுனேன். 2எச் பென்சில உப்புத்தாள்ல தேச்சு ஊசி மாதிரி ஆக்கிட்டுத்தான் உக்காருவேன். எங்க சார் ஷீட்ட ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பிடிச்சு அழிச்ச தடம் தெரியுதான்னு பாப்பார், என் ஷீட்ல தெரியாது. பாதி ஹாஸ்டல் என் ஷீட்ட கண்ணாடி மேல வச்சு அடியில செல்போன் டார்ச் அடிச்சுக் காப்பி எடுத்துருக்கு, அதுல எனக்கு ஒரு கெத்து வேற. அறுகோணப் பட்டகம் எச்.பி. (படுக்கைத் தளம்) மேல ஒரு விளிம்புல நிக்குது, அச்சு 30 டிகிரி சாஞ்சிருக்கு, டாப் வியூ போடுன்னா பத்து நிமிஷத்துல போட்டுருவேன். அந்தப் பட்டகம் எதுக்கு அப்படி சாஞ்சு நிக்குதுன்னு நாலு செமஸ்டர் வரைக்கும் எனக்குத் தோணவே இல்ல.

(இப்படி படுக்கையா ஒன்னு, நிமிந்து ஒன்னுன்னு ரெண்டு தளத்துல நிழல் விழுத்துற வித்தையை ஒழுங்குபடுத்துனது காஸ்பார் மோன்ஜ்னு ஒரு பிரெஞ்சுக்காரர், பதினெட்டாம் நூற்றாண்டுல. மெசியேர்னு ஒரு ஊர்ல ராணுவ இன்ஜினியரிங் பள்ளி இருந்துச்சு, அங்க கோட்டைச் சுவர் எவ்ளோ உயரத்துக்கு எழுப்புறதுங்கிற கணக்க கோடு போட்டே முடிச்சுக் காமிச்சாராம். அத ராணுவ ரகசியமா வச்சிருந்தாங்க, 1790கள்லதான் வெளிய பாடமா வந்துச்சு. நம்ம பசங்க மூணு தடவ அரியர் வைக்கிற பேப்பர் ஒரு காலத்துல ரகசியம். அப்படியே விட்டுருக்கலாம்னு என் ரூம்மேட் சொல்லுவா.)

ஏரோ டிபார்ட்மெண்ட்ல சேர்ந்த யாருக்கும் கலாம் கதை தெரியாம இருக்காது, அதனால முழுசா சொல்லல. குரோம்பேட்டை எம்.ஐ.டி.ல டிசைன் சரியில்லன்னு டைரக்டர் ஸ்ரீனிவாசன் மூணு நாள் கெடு குடுத்து, முடிக்கலன்னா ஸ்காலர்ஷிப் கட்டுன்னு சொல்லி, இவர் ராச்சாப்பாடு இல்லாம டிராயிங் போர்டு முன்னாடியே நின்ன கதை. ஓரியண்டேஷன்ல சொன்னாங்க, நானும் ஷீட் போடுற ராத்திரியெல்லாம் அத நெனச்சுக்கிட்டேதான் முழிச்சிருப்பேன். அந்தக் கதைல நமக்கு ஒட்டிக்கிட்டது முழிச்சிருந்தது மட்டும்தான். அந்த ராத்திரி அவர் எத்தன கோட்ட அழிச்சாரு, எத முதல்ல போட்டாரு, எங்க மாத்துனாரு, அத யாரும் சொல்லல. இப்ப எனக்கு அதுதான் தெரிஞ்சுக்கணும் போல இருக்கு.

பால்சாவும் நகத்தளவு ரிப்பும்

செகண்ட் இயர்ல கிளப்ல சேர்ந்தேன். போட்டிக்கு ஆர்.சி. பிளேன் (ரிமோட்ல ஓட்டுற சின்ன விமானம்) பண்ணணும், சின்ன ரன்வேல நெறைய வெயிட் தூக்கணும், அதனால எல்லா டீமும் எடுக்குற எஸ்1223ங்கிற ஏர்ஃபாயிலத்தான் (ரெக்கைய குறுக்கா வெட்டுனா தெரியிற வடிவம்) நாங்களும் எடுத்தோம். கம்மி வேகத்துல லிஃப்ட் அள்ளிக் குடுக்கும், ஆனா ஷேப்ப பாத்தா வாழை மட்டை மாதிரி வளைஞ்சு, பின்முனை கத்தி மாதிரி மெலிஞ்சு போகும். ஸ்கிரீன்ல அது அழகா இருக்கும். 2 மி.மீ. பால்சா (ரொம்ப லேசான மரம்) ஷீட்ல ரிப், அதான் ரெக்கைக்கு எலும்பு மாதிரி நிக்கிற துண்டு, வெட்டுனா கடைசி கொஞ்ச தூரம் ஒரு மில்லிமீட்டர்கூட கட்டை இருக்காது, எடுத்துப் பாக்கும்போதே ஒடஞ்சிரும். மூணு செட்டு ஒடஞ்சப்புறம்தான் முனைய நறுக்கிட்டு அந்த எடத்துல ஒரு பட்டை ஒட்டலாம்னு சீனியர் சொன்னார். கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை சொல்லல, பூஜ்யம் தடிமன்னாலும் அது வரைஞ்சு குடுக்கும்.

அந்த ரிப்ப வெட்டிக் குடுக்குற லேசர் கட்டிங் கடைலதான் இன்னொரு கூத்து. வெட்டுறதுக்கு அனுப்புற டிஎக்ஸ்எஃப் பைல் நம்பர மட்டும் கொண்டு போகும், அது இஞ்சா மில்லிமீட்டரான்னு திறக்குற சாப்ட்வேர் பாட்டுக்கு ஒன்ன நெனச்சுக்கும். நான் தெரியாம இஞ்ச்ல எக்ஸ்போர்ட் பண்ணிட்டேன், அவங்க மெஷின் மில்லிமீட்டர்னு எடுத்துக்குச்சு, 300 மி.மீ. ரிப் 12 மி.மீ.க்குக் கொஞ்சம் கம்மியா, நகத்தளவுல ஸ்கிரீன் மூலைல கெடக்கு. கடைக்கார அண்ணா "பொம்மை பிளேனாம்மா?"ன்னு கேட்டார். அன்னைலேர்ந்து எந்த பைல் அனுப்புனாலும் ஓரத்துல ஒரு 100 மி.மீ. சதுரம் போட்டு "இது 100 வரணும்"னு எழுதி விட்டுர்றேன். இதுவரைக்கும் டிராயிங்ல நான் கத்துக்கிட்டதுலயே காசு மிச்சம் பண்ணிக் குடுத்தது அந்த சதுரம்தான்.

கணபதி

இப்ப மெயின் விஷயத்துக்கு வரேன். லேண்டிங் கியர் கால பியூசலேஜோட (பிளேனோட உடம்பு) புடிக்கிற பிராக்கெட். 6061 அலுமினியம், உள்ளங்கைல அடங்குற சைஸ், ஒரு பக்கம் பிளைவுட் சுவர்ல ஒக்காரும், இன்னொரு பக்கம் சாய்வா ஒரு காடி, அதுல கால் இறங்கும், நாலு போல்ட் ஓட்டை. நான்தான் டிசைன், நான்தான் டிராயிங். அந்த டிராயிங்க நான் எப்படிப் போட்டேன் தெரியுமா, நெஜ விமானக் கம்பெனி மாதிரி. விமானத்துல எடத்தச் சொல்ல மூணு கணக்கு உண்டு. மூக்குலேர்ந்து நீளவாக்குல ஸ்டேஷன், உயரத்துக்கு வாட்டர் லைன், நடுக்கோட்டுலேர்ந்து பக்கவாட்டுல பட் லைன். எல்லாம் கப்பல் கட்டுறவங்க பாஷை, பறக்குற சாமானுக்கு வாட்டர் லைன் வந்தது அப்படித்தான். ஸ்டேஷன் பூஜ்யத்த மூக்குக்கும் முன்னாடி காத்துல வைக்கிறதும் உண்டு, நாளைக்கு மூக்க நீட்டுனாலும் நம்பர் மைனஸ்ல போகாதுல்ல. இதெல்லாம் படிச்ச ஜோர்ல பிராக்கெட்டுக்கு எல்லா அளவையும் பிளேன் நடுக்கோட்டுலேர்ந்து குடுத்திருந்தேன். அத்தோட எல்லா அளவுக்கும் ±0.01 டாலரன்ஸ், அதாவது நூறுல ஒரு மில்லிமீட்டருக்கு மேல கூடவோ கொறையவோ கூடாது. துல்லியம்னா நல்லதுதான!

கோயம்புத்தூர்ல கணபதி பக்கம் ஒரு சந்துல ஒரு பெரியவரோட பட்டறை. ரெண்டு லேத்து, ஒரு மில்லிங், மூலைல அவர் பையன் வாங்கிப் போட்ட பழைய விஎம்சி, கம்ப்யூட்டர்ல ஓடுற மில்லிங் மெஷின். கட்டிங் ஆயில் வாசம், ரேடியோ, வாசல்ல சுருள் சுருளா அலுமினியச் சீவல். அவருக்கு அறுபது வயசு கிட்ட இருக்கும். என் ஏ3 ஷீட்ட வாங்கி, கைய வேட்டில தொடச்சுட்டு, சர்ஃபேஸ் பிளேட் மேல விரிச்சு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தார். நான் பாராட்டுவார்னு நின்னுக்கிட்டு இருந்தேன், வெக்கத்த விட்டு சொல்றேன்.

"ஏனுங்கம்மிணி, இத எங்கீங் புடிக்கிறது?"

எனக்குப் புரியல. பேப்பரச் சொல்றாரோன்னு நெனச்சு "இப்படியே விரிச்சு வச்சுப் பாக்கலாம்ணா"ன்னேன். அவர் சிரிக்கல. "பீஸச் சொல்றேனுங். வைஸ்ல புடிக்கோணுமல்லோ. எந்த மொகத்த முதல்ல ஓட்டுறது, அத வச்சு எந்த மொகம்? இந்த 42.5ன்னு போட்டிருக்கீங்களே, இது எங்கிருந்து?" சென்டர் லைன்ல இருந்துண்ணா. "சென்டர் லைன் இந்த பீஸ்ல எங்க இருக்குது?" பீஸ்ல இல்லண்ணா, அது பிளேனோட நடுவுல வரும். அவர் கண்ணாடிய எறக்கிட்டு என்னப் பாத்தார். "அப்ப பிளேனக் கொண்டாந்து வைஸ்ல மாட்டோணுமாட்ட இருக்குது."

பையன் விஎம்சி பக்கத்துலேர்ந்து சிரிச்சுட்டான். எனக்கு அழுகை வர மாதிரி ஆயிருச்சு, ஆனா அவர் கேலி பண்ணிட்டு விடல. கீழ கெடந்த ஒரு அலுமினியத் துண்ட எடுத்து வைஸ்ல வச்சுக் காமிச்சார். கடையில இருந்து வர பட்டைல ஒரு மொகமும் சமமா இருக்காது, முதல்ல ஒன்ன ஓட்டி நேராக்கணும், அந்த நேரான மொகத்த வைஸோட அசையாத தாடைல சாத்திட்டு அடுத்தத ஓட்டணும், அந்த ரெண்டையும் வச்சு மூணாவது. அப்புறம் அந்த மூணுலேர்ந்துதான் எல்லா ஓட்டையும் எண்ணிப் போகணும். விரலால தொட்டுத் தொட்டு காமிச்சார், இங்கிருந்து இவ்வளவு, இங்கிருந்து இவ்வளவு. நாங்க கிளாஸ்ல டேட்டம்னு ஒரு வார்த்தை படிச்சிருந்தோம், ரெண்டு மார்க் கேள்வி, பதில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கேன். விரல் நுனில அலுமினியத் தூளோட அது இப்படி ஒரு சாமானா இருக்கும்னு எனக்கு அன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அடுத்து ±0.01. "எல்லாத்துக்குமா?" ஆமாண்ணா. ஒரு ஓரத்த விரலால தடவுனார். "இந்த வெளி ஓரம் எதையாச்சும் தொடுதா?" இல்ல. "சும்மா காத்துல நிக்கிறதுக்கு பத்து மைக்ரான் எதுக்குங்? தலமுடியே அதுக்கு அஞ்சாறு மடங்கு தடிமன். இப்படியே வேணும்னா கிரைண்டிங் வெளிய குடுத்து வாங்கோணும், ஒன்னுக்கு நாலாயிரம் ஆகும். இல்ல, எது எதுக்கு நெசமா வேணும்னு சொல்லுங்க, எண்ணூறுல முடிச்சுக்கலாம்." நான் ஷீட்டப் பாத்தேன். எது நெசமா வேணும்? கால் இறங்குற காடிக்கு வேணும், லூஸா இருந்தா லேண்டிங்ல ஆடும். நாலு ஓட்டைக்கும் ஒன்னுக்கொன்னு நடுவுல தூரம் வேணும், இல்லன்னா பிளைவுட்ல போட்ட ஓட்டையோட சேராது. மீதி? மீதிய நான் யோசிச்சதே இல்ல. துல்லியமா இருக்கணும்னு 0.01 போடல, யோசிக்காத எடத்தையெல்லாம் 0.01 போட்டு மூடி வச்சிருந்தேன். மூணு வாரம் அந்த மாடல 3டில சுத்தி சுத்திப் பாத்திருக்கேன், எந்த மொகம் முதல், எது தளரலாம் எது தளரக்கூடாதுன்னு அது ஒரு தடவகூட எங்கிட்ட கேக்கல. இவர் அஞ்சு நிமிஷத்துல கேட்டார்.

காடியோட உள் மூலைய சும்மா 90 டிகிரி கூரா விட்டிருந்தேன், "கட்டர் உருண்டைங் அம்மிணி, மூல எப்படி வரும்"ன்னார், அதுக்கு 3 மி.மீ. ரேடியஸ் போட்டோம். அங்கேயே ஒரு ஸ்டூல்ல உக்காந்து, அவர் குடுத்த டீய குடிச்சுக்கிட்டு, ஷீட்டுக்குப் பின்னாடி கையாலயே புதுசா வரைஞ்சேன். டிராஃப்டர் இல்ல, ஸ்கேல்கூட இல்ல. மூணு மொகத்துக்கு ஏ, பி, சி, எல்லா அளவும் அதுலேர்ந்து. நான் வரைஞ்சதுலயே அசிங்கமான டிராயிங் அதுதான், ஃபர்ஸ்ட் இயர்ல குடுத்திருந்தா சார் தூக்கி எறிஞ்சிருப்பார். கீழ "2 எண்ணம்"னு எழுதிக் குடுத்துட்டு ஹாஸ்டல் இன்டைம் ஏழரைன்னு ஓடி வந்துட்டேன்.

ரெண்டு இடக்கை

இதோட கதை முடிஞ்சு நான் திருந்திட்டேன்னு எழுதலாம். நடந்தது அது இல்ல. ரெண்டு நாள் கழிச்சு கிளாஸ்ல இருக்கும்போது போன், வெளிய வந்து எடுத்தேன். "அம்மிணி, ரெண்டும் ஒரே மாதிரிதானுங்?" ஆமாண்ணா ஒரே மாதிரிதான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன். சனிக்கிழமை பிராக்கெட் வந்துச்சு, கண்ணாடி மாதிரி பளபளன்னு. இடப்பக்கம் மாட்டுனோம், அழகா ஒக்காந்துச்சு. வலப்பக்கம் வச்சா காடி பின்னாடி பாத்து சாஞ்சிருக்கு. திருப்பி வச்சா ஓட்டை கீழ வருது. கவுத்து வச்சா ஒக்கார்ற மொகம் வெளிய பாக்குது. ஒரு கால் மணி நேரம் எல்லாரும் அத கைல வச்சு திருப்பித் திருப்பிப் பாத்தோம், ஏதோ திருப்புனா சரியாயிடும்ங்கிற மாதிரி. சாய்வு காடி இருக்குற சாமானுக்கு இடது வேற வலது வேற, செருப்பு மாதிரி. "1 காட்டியபடி, 1 எதிர்க்கை"ன்னு எழுதியிருக்கணும். அவர் சந்தேகப்பட்டுக் கேட்டும் நான் ஆமான்னு சொல்லியிருக்கேன்.

அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட போன்ல புலம்புனேன். அம்மா வீட்ல பிளவுஸ் தைக்கிறாங்க, இருவது வருஷமா. கேட்டுட்டு, "ஏன்டி, ரெண்டு இடக்கை வெட்டிப்புட்டியா?"ன்னு ஒரு சிரிப்பு. கைக்கு முன்பக்கம் குடைவு ஜாஸ்தி, பின்பக்கம் கம்மி, அதனால ரெண்டு கையும் ஒன்னு இல்ல, துணிய நல்ல பக்கம் உள்ள வர மாதிரி மடிச்சுப் போட்டு ஒரே வெட்டா வெட்டுனா தானா ஒன்னு இடது ஒன்னு வலது வந்துரும், தனித்தனியா வெட்டுனா இப்படித்தான் ஆகும்னாங்க. கல்யாணப் பட்டுல அம்மாவும் ஒரு தடவ பண்ணிருக்காங்களாம், அந்தக் காச அப்பாவுக்குத் தெரியாம குடுத்துருக்காங்க. சின்ன வயசுல இருந்து நியூஸ்பேப்பர்ல அம்மா பேட்டர்ன் போடுறத பாத்துக்கிட்டுத்தான் வளர்ந்தேன், அதும் டிராயிங்தான்னு ஒரு நாளும் நெனச்சதில்ல.

ஆறுதலுக்குத் தேடுனப்பதான் ஜெனிசிஸ் விண்கலம் ஞாபகம் வந்துச்சு. நாசா சூரியக் காத்தோட துகள சேகரிச்சுட்டு வர அனுப்புனது. 2004 செப்டம்பர் 8, யூட்டா பாலைவனம், பாராசூட்ல இறங்குற கலத்த நடுவானத்துலயே கொக்கி போட்டுப் புடிக்க ஹெலிகாப்டர் சுத்திக்கிட்டு இருந்துச்சு. பாராசூட் விரியவே இல்ல, மணிக்கு 300 கி.மீ.க்கு மேல வந்து மண்ணுல குத்துச்சு. வேகம் குறையறத உணர்ற சின்ன சுவிட்ச தலகீழா வச்சிருந்தாங்க. மாட்டுன ஆளு தப்பு இல்ல, டிராயிங்லயே அப்படித்தான் இருந்துச்சு, ரிவ்யூல யாரும் கண்டுபிடிக்கல. ஒடஞ்ச துண்டுகள்ல இருந்து துகள மீட்டு ஆராய்ச்சி பண்ணாங்கங்கிறது தனிக் கதை. அத படிச்சு எனக்கு ஆறுதலெல்லாம் வரல. அந்த டிராயிங்க எத்தன பேர் பாத்து கையெழுத்து போட்டிருப்பாங்க, எங்க டிராயிங்ல "செக்டு பை" கட்டத்துலயும் என் பேரையே நான் போட்டிருந்தேன்.

வலது பிராக்கெட் திங்கக்கிழமை வந்துச்சு, டீம் பையன் போய் வாங்கிட்டு வந்தான். மெட்டீரியலுக்கு மட்டும் காசு வாங்கியிருக்கார், கூலி வாங்கல.

சரி, ஜூனியருக்கு என்ன சொல்றது? அவன் சொல்றதுல பாதி நியாயம். போயிங் 777 மொத்தமும் கேட்டியாலதான் வரைஞ்சாங்க, முழு சைஸ் மாதிரி விமானம் கட்டாமலே 1994ல பறந்துச்சு. இப்பல்லாம் பெரிய கம்பெனிகள்ல டாலரன்ஸ், டேட்டம் எல்லாத்தையும் 3டி மாடல்லயே ஒட்டி அனுப்பிடுறாங்க, பேப்பரே கிடையாது. அதே கேட்டியாதான் ஏர்பஸ் ஏ380லயும், ஹாம்பர்க்ல பழைய வி4, துலூஸ்ல புது வி5, ரெண்டும் ஒழுங்கா பேசிக்கல, ஜெர்மனில இருந்து வந்த வயரிங் பிரான்ஸ்ல மாட்டும்போது எட்டல, 2006ல பிளேன் டெலிவரியே தள்ளிப் போச்சு. அதனால பேப்பர் தெய்வம், 3டி தப்புன்னு நான் சொல்ல வரல. மாடல்லயே ஏ, பி, சி குறிச்சு எது முக்கியம்னு எழுதி அனுப்புறவன் டிராயிங் போட்டவன்தான், என் கணக்குல. எங்க ஜூனியர் அனுப்புற ஸ்டெப் பைல்ல வெறும் உருவம் மட்டும்தான் இருக்கு, நான் அன்னைக்கு வச்சிருந்த மாதிரி.

இத அவனுக்கு இவ்வளவு நீளமா எழுத வேணாம்னு, நேரா பட்டறைக்கே போன் போட்டேன். அந்தப் பெரியவருக்கு இப்ப கண் ஆபரேஷன் ஆகி பட்டறைக்கு அவ்வளவா வர்றதில்ல, பையன்தான் பாக்குறார். உங்களுக்கு எது வேணும்ணா, ஸ்டெப்பா பிடிஎஃப்பான்னு கேட்டேன். "ரெண்டும் அனுப்புங்க. ஒன்னுக்கொன்னு ஒத்து வரலன்னா போன் பண்றேன்"ன்னார். ஜூனியர்கிட்ட சொன்னேன், மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு சர்வோ மோட்டார ஒக்கார வைக்கிற மவுண்ட்டுக்கு ரெண்டும் அனுப்புனான். டிராயிங்ல நாலு ஓட்டை எம்4 டேப்னு (4 மி.மீ. ஸ்குரூவுக்கு உள்ள மரை வெட்டணும்னு) சரியா எழுதியிருந்தான். மாடல்ல அதே எடத்துல 4 மி.மீ. ஓட்டை. 3.3 போட்டுத்தான் டேப் ஓட்டணும், முழுசா 4 மி.மீ.யே போட்டுட்டா டேப்புக்குக் கடிக்க அங்க உலோகமே இருக்காது. நேத்து மத்தியானம் பட்டறைலேர்ந்து போன் வந்துச்சு, போன ஸ்பீக்கர்ல போட்டு அவன் பக்கம் தள்ளுனேன்.

"தம்பி, எதுங் கரெக்ட்டு?"

ரெண்டு ஷீட்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, "டிராயிங்தாண்ணா"ன்னான்.